அப்பா நட்டது ஒரு கம்பு

வெறும் நிலம் வெறுமனே கிடக்காது. இதை நான் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரே குரலில் சொல்கிறேன். மனிதர் கைவிட்ட நிலத்துக்கு முதலில் புல் வரும், பிறகு முட்செடி வரும், அதன் நிழலில் மரக்கன்று வரும், கடைசியில் காடு வரும். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு இடம் செய்து கொடுத்துவிட்டுத் தான் மறைந்து போகும். பாடத்தில் இதற்கு வழிமுறை வளர்ச்சி என்று பெயர். பரீட்சையில் கட்டாயம் வரும் என்பதால் பிள்ளைகள் கவனமாகக் கேட்பார்கள். நானும் உற்சாகமாகத்தான் சொல்வேன். காடு திரும்பி வருகிறது என்று சொல்லும்போது யாருக்குத்தான் உற்சாகம் வராது?

உதாரணத்துக்கு நான் தூரம் போக வேண்டியதும் இல்லை. டிக்கோயாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவு. அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் நானும் அப்பாவும் இருந்தோம். அதற்கு மேலே மலைத் தோளில் முன்பு மேல் டிவிஷன் என்று ஒரு பிரிவு இருந்தது. நான் பிறந்தது அங்கே. நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது அம்மா காய்ச்சலில் இறந்ததும் அங்கே. தம்பி அப்போது இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. பிறகு ஒரு மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. சனங்களைக் கீழே இறக்கிவிட்டார்கள். கொழுந்து பறிக்க ஆட்கள் அவ்வளவு தூரம் ஏறிப்போவது கட்டுப்படியாகாது என்று, கொஞ்சம் கொஞ்சமாக அந்த மலையையும் கைவிட்டார்கள். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது கத்தியும் விரலும்தான். கையை எடுத்துவிட்டால் அது தன் பாட்டுக்குத் தலைக்கு மேலே போய் வெள்ளைப் பூப் பூத்து நிற்கும்.

சில வருடங்களுக்கு முன்னால் நிர்வாகம் அந்த மலைக்கு ஒரு பலகை வைத்தது. ‘உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்பு வலயம்’ என்று மூன்று மொழியிலும் எழுதி, ஓரத்தில் ஒரு சிறுத்தையையும் வரைந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சிறுத்தை லயத்து நாய்களைத் தின்று வயிற்றைக் கழுவுவது. பலகையில் இருந்தது கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தது போல இருந்தது. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் இந்த மாதிரி வலயம் இருக்கிறதா என்று விசாரிக்கிறார்களாம். எதற்காக வைத்தால் என்ன, எனக்கு அது நல்ல காரியமாகவே பட்டது. தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, உயர்தர வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

கயிற்றைச் சதுரமாகக் கட்டித் தரையில் போட்டு, அதற்குள் என்னென்ன செடி எத்தனை நிற்கிறது என்று எண்ணுவதுதான் வேலை. பிள்ளைகள் பாதி நேரம் காலில் ஏறிய அட்டைகளைத்தான் எண்ணினார்கள். மானாப்புல், நாயுண்ணி, கொய்யாக் கன்று, பன்னம் என்று பட்டியல் போனது. எது சுதேச இனம், எது வெளியிலிருந்து வந்த இனம் என்று பிரிக்கச் சொன்னேன்.

“தேயிலைய எதுல போடுறது மிஸ்?”

“வெளியில இருந்து வந்ததுல போடு.”

“அப்ப எங்கள எதுல போடுறது மிஸ்?”

எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் கேள்வி தவறாமல் ஒவ்வொரு வருடமும் வரும். கேட்கிற பிள்ளை அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். “மனுசன் இந்தப் பாடத்துல இல்ல. தலையக் குனிஞ்சு எண்ணு” என்று சொல்லிவிட்டேன்.

திரும்புகிற நேரத்தில் ஒரு பிள்ளை மேலேயிருந்து கூப்பிட்டாள். அங்கே லயம் நீளத்துக்கு ஒரு பாறை கிடந்தது. அதற்குக் கீழே சரிவு முழுவதும் முள்முருங்கை மரங்கள்.

“மிஸ், இங்க மட்டும் ஏன் இவ்வளவு முள்முருங்க?”

முள்முருங்கை தேயிலை மலையில் புதிதல்ல. நிழலுக்காக அதை இடையிடையே நடுவார்கள். கிளையை வெட்டித் தூருக்குப் போட்டால் உரம். வேரில் இருக்கிற நுண்ணங்கிகள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குக் கொண்டு வரும். ஆனால் நிழலுக்கு நட்ட மரங்கள் என்றால் இடைவெளி விட்டு வரிசையாக நிற்க வேண்டும். இங்கே அவை தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. நல்ல கேள்வி கிடைத்த சந்தோஷத்தில் அதை வகுப்புக்கே போட்டேன். கிளை ஒடிந்து ஈர மண்ணில் விழுந்தாலே முள்முருங்கை வேர் விட்டுவிடும், அதனால்தான் கூட்டமாக நிற்கிறது என்றான் ஒருவன். பறவை விதை போட்டிருக்கும் என்றாள் இன்னொருத்தி. முதலில் கூப்பிட்ட பிள்ளை குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “இந்த மண்ணு வேற மாதிரி இருக்கும் மிஸ். ஏதோ சத்து இருக்கும்” என்றாள். மூன்று பேரையும் பாராட்டினேன். பிறகு கீழே இறங்கி எல்லோரும் பணிஸ் சாப்பிட்டோம்.

அந்த வருடக் கடைசியில் அப்பாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், சிலநாள் படுக்க வைத்தார்கள். பிறகு ஒரு டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, விருப்பமானதச் செஞ்சு குடுங்க” என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்கிற தம்பிக்குச் சொன்னேன். மறுநாளே வந்து சேர்ந்தான்.

விருப்பமானது எது என்று அப்பாவிடம் கேட்டோம். கோழிக் குழம்பா, மீனா, கோயிலுக்குக் கூட்டிப்போகவா என்று கேட்டுப் பார்த்தோம். அப்பா வாழ்க்கையில் எதையும் கேட்டு வாங்கிய மனிதரல்ல. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்த வேலையைச் செய்வார், தட்டில் விழுந்ததைச் சாப்பிடுவார். அன்றைக்கு முதல் தடவையாக ஒன்றைக் கேட்டார்.

“என்னைய உங்கம்மா பக்கத்துலயே போட்டுருங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

அதற்கென்ன, செய்துவிடலாம் என்று தம்பி உடனே சொல்லிவிட்டான். எனக்குத்தான் திக்கென்றது. அம்மா எங்கே இருக்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. புதைக்கிற இடத்துக்கும் நாங்கள் சுடுகாடு என்றுதான் சொல்வோம். அம்மாவைத் தூக்கியபோது நான் லயத்து முடக்கு வரைக்கும்தான் போனேன். தப்பு மேளத்தின் சத்தம் மேலே போய்த் தேய்கிற வரை நின்றுவிட்டு, மற்றப் பெண்களோடு பீலித் தண்ணீரில் குளிக்கப் போய்விட்டேன். தம்பியை யாரோ தூக்கிக்கொண்டு போய் அவன் கையால் மண் போட வைத்திருக்கிறார்கள். அவனுக்கு அதில் ஒன்றும் நினைவில்லை. ஒரு மாமா பிஸ்கட் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறதாம். பிறகு முதல் இரண்டொரு வருடம் மட்டும் அப்பா தனியாகப் போய் வந்தார். சனங்களைக் கீழே இறக்கிய பிறகு அதுவும் நின்றுவிட்டது.

“எந்த இடத்துலப்பா?” என்று கேட்டேன். கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது.

“மேல் டிவிஷன்லதான். நீளமா ஒரு பாற கெடக்கும் பாரு. அதுக்குக் கீழ. தலமாட்டுல முள்முருங்கக் கம்பு நட்டிருக்கேன். பாத்தாலே தெரியும்.”

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை குனிந்து கிள்ளிய மண் கண்ணுக்கு முன்னால் வந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பிள்ளை மேல் இல்லை, அவள் சரியாகத்தான் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் மேலே ஏறினோம். பாதை என்று ஒன்றும் இல்லை. தம்பி கத்தியால் நாயுண்ணியை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனான். லயம் இருந்த இடத்தில் படிக்கட்டு மட்டும் நின்றது, அதன்மேல் பன்னம் முளைத்திருந்தது. எங்கள் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று இருவரும் கொஞ்ச நேரம் வாதாடினோம். பிறகு பாறைக்கு வந்தோம். தம்பி சரிவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“இதுல எது, அக்கா?”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். “அங்க ஒரு மரம் இல்லப்பா. காடு மாதிரி நிக்குது.”

அவருக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. “நிக்காம? எல்லாருந்தானே நட்டாங்க.”

“எல்லாருமா?”

“வேற என்னத்த நட? மலையில கையில கெடைக்கிறது அதானே.”

விசாரித்ததில் விஷயம் தெளிவானது. மேல் டிவிஷனில் யார் செத்தாலும், குழியை மூடிய பிறகு, பக்கத்து மலையிலிருந்து ஒரு முள்முருங்கைக் கம்பை வெட்டி வந்து தலைமாட்டில் நடுவார்கள். செத்தவரின் சேலையிலோ வேட்டியிலோ ஒரு துண்டு கிழித்து அதில் கட்டுவார்கள். மூன்றாம் நாள் அந்தக் கம்பின் அடியில்தான் பால் ஊற்றுவார்கள். கம்பு துளிர்த்துவிட்டால் ஆறுதல். செத்தவருக்குக் குறையில்லை என்று ஆண்கள் வந்து சொல்வார்களாம், பெண்கள் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்களாம். ஒவ்வொருவரும் தம் ஆளுக்கு அடையாளமாகத்தான் நட்டார்கள். பக்கத்துக் குழிக்காரனும் அதே கம்பைத்தான் நட்டிருக்கிறான் என்பது அப்போது யாருக்கும் தடையாக இல்லை. யாருடைய கம்பு எது என்று பார்த்தவுடன் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்கள் மலையை விட்டு இறங்கிப் போவார்கள் என்று யார் நினைத்தார்கள்?

அடையாளம் எதுவும் இருக்கிறதா என்று அப்பாவைக் குடைந்தேன். கண்ணை மூடி யோசித்துவிட்டு, “கொஞ்சம் சாஞ்சாப்ல இருக்கும். மழ பிடிச்சிருச்சு, அவசரமா நட்டேன்” என்றார்.

மறுபடி ஏறினேன், இந்தத் தடவை தனியாக. சரிவில் நிற்கிற மரங்கள் எல்லாமே சாய்ந்துதான் இருந்தன. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தாவரம் வளையும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். பருமனை வைத்துப் பார்க்கலாமா என்று அளவு நாடாவையும் கொண்டு போயிருந்தேன். அம்மாவுக்கு முன்னால் செத்தவர்களின் மரம் பெருத்திருக்க வேண்டும், பின்னால் செத்தவர்களுடையது சிறுத்திருக்க வேண்டும். காகிதத்தில் எழுதினால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாறையடியில் தண்ணீர் கசிகிற இடத்தில் நின்ற மரம் கொழுத்திருந்தது, ஓரத்தில் நின்றது நோஞ்சானாக இருந்தது. போதாததற்கு வகுப்பில் அந்தப் பையன் சொன்ன பதிலும் குறுக்கே வந்தது. நட்ட கம்பு எப்போதோ பட்டுப்போயிருக்கலாம். அதிலிருந்து ஒடிந்த கிளை நாலடி தள்ளி விழுந்து வேர் விட்டிருக்கலாம். இப்போது நிற்பதில் எது நட்டது, எது விழுந்து முளைத்தது என்று யாரால் சொல்ல முடியும்? படித்த படிப்பு முழுவதையும் வைத்துக்கொண்டு அந்தச் சரிவில் நின்று பார்த்தேன். முடியாது என்பதை விளக்கமாகச் சொல்லத்தான் அது உதவியது.

வீட்டில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த தம்பி, தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டான். எலும்பு ஏதாவது கிடைக்கும், அம்மாவின் கால் மெட்டி கிடைக்கும் என்று நினைத்தான். தேயிலை மண் புளிப்பு மண், அமிலம் கூடியது, இத்தனை வருடத்தில் எலும்பைக் கூடக் கரைத்திருக்கும் என்று சொன்னேன். பிரிகையாக்கிகள், கனியுப்பு, வேர் உறிஞ்சுவது என்று வாய் தன்பாட்டுக்கு வகுப்பு எடுத்தது. அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்ப அம்மா எங்க, அக்கா?”

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டிருந்தால், இயற்கையில் எதுவும் தொலைவதில்லை, மரத்தில் இருக்கும், புல்லில் இருக்கும், அதைத் தின்ற புழுவில் இருக்கும் என்று சொல்லியிருப்பேன். அது பொய்யில்லை. ஆனால் அவன் கேட்டது அதை அல்ல. தம்பி கத்தியைத் துடைத்து உறையில் போட்டான்.

அப்பாவையே மேலே கொண்டுபோய்க் காட்டச் சொல்லலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கதிரையில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினால் போதும். அப்பா அதைக் கேட்டு இருமி இருமிச் சிரித்தார்.

“உசுரோட எவனையாச்சும் சுடுகாட்டுக்குத் தூக்குவாங்களாடா? கொஞ்சம் பொறு, நானே வந்துருவேன்.”

பக்கத்து வீட்டு ஆட்களும் கேட்டவுடனே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் தம்பி போனைக் கொண்டுபோய் ஒவ்வொரு மரத்தையும் படம் எடுத்து வந்தான். அப்பாவை முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகக் காட்டினான். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இது இல்லை என்று தலையாட்டினார். அடுத்ததும் இல்லை. ஒரு படத்தில் நிறுத்தச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். அதுவும் இல்லை என்றார். எல்லாம் முடிந்த பிறகு போனைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

“எல்லாம் மரமால்ல இருக்கு. நான் நட்டது கம்பு” என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எந்த மரமாக இருந்தால் என்ன, அந்தச் சரிவில் ஓர் இடத்தில் அப்பாவைப் புதைத்துவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்தில்தானே இருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு துரையைப் பார்க்கப் போனேன். துரை வயதில் என்னைவிட இளையவர், சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். உட்காரச் சொல்லித் தேத்தண்ணி வரவழைத்தார். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

“டீச்சர், அந்த இடத்துல மண்ணு வெட்டவே ஏலாது. சரிவு வேற. போன மழைக்கும் கொஞ்சம் இறங்கியிருக்கு. வலயத்தைப் பாக்க வாறவங்க வந்து புதுக்குழி ஒண்ணக் கண்டா, எனக்கு மேல இருக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லணும். கீழ புது மயானம் இருக்குதானே?”

“அங்க எங்கம்மா இல்ல சேர்.”

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்கதானே பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்க் காடு எப்படித் திரும்பி வருதுன்னு காட்டினது” என்றார். குத்திச் சொல்லவில்லை, உண்மையாகவே குழம்பித்தான் கேட்டார். சரிவில் மண் வெட்டினால் என்னவாகும் என்று நானே வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிறவள். வேர் பிடித்து வைத்திருக்கிற மண்ணை அவிழ்த்துவிட்டால் அது கீழே இருக்கிற லயத்துக்குத்தான் வரும். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட என்னால் மறுக்க முடியவில்லை. அவரே ஒரு வழி சொன்னார்.

“எரிச்சிட்டு, சாம்பலைக் கொண்டு போய்ப் போடுங்க டீச்சர். அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

வீடு வரும் வரை ஆத்திரம் அடங்கவில்லை. அந்த மலையை வெட்டித் திறந்தது எங்கள் சனம், தேயிலை நட்டது எங்கள் சனம், அதிலேயே புதைந்ததும் எங்கள் சனம். இப்போது அங்கே குரங்குக்கு இடமிருக்கிறது, சிறுத்தைக்கு இடமிருக்கிறது, அந்நிய நாட்டு நாயுண்ணிக்குக் கூட இடமிருக்கிறது. ஒரு கிழவர் தன் பெண்சாதிக்குப் பக்கத்தில் படுக்க இடமில்லை. காடு திரும்பி வருவது நல்லது என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். அதனால் ஆத்திரம் குறைந்துவிடவில்லை.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டேன். அவருக்கு நெருப்பென்றால் ஆகாது. எரித்தால் ஆள் புகையாகப் போய்விடும், மண்ணில் கிடந்தால்தான் மண்ணோடு சேரலாம் என்பார். அது கிட்டத்தட்டச் சரியான கணக்கு. எரித்தால் உடம்பின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும், மிஞ்சுவது கொஞ்சம் சுண்ணாம்பும் உப்பும். கடைசியில் தம்பிதான் போட்டு உடைத்தான். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் காலையில் முகம் கழுவிவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சரி, எரிங்க. ஆனா அவகிட்டதான் போடணும். கண்ட எடத்துல கொட்டிட்டு வந்துறாதீங்க. அங்க அடுத்தவன் பொண்டாட்டிங்கல்லாம் இருக்காங்க, எனக்கு மானக்கேடு.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். “கண்டுபிடிச்சிருவல்ல?” என்று கேட்டார். பார்க்கிறேன் அப்பா என்று சொன்னேன். அதன் பிறகு தினமும் கேட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்குவதற்குள் கேட்பார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தினமும் சொன்னேன். அவர் அவசரப்படுத்தவில்லை. ஆனால் நான் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது.

ஒரு பகல் நேரத்தில், தம்பி கொடுத்த வெறும் தேத்தண்ணியில் இரண்டு மிடறு குடித்துவிட்டு அப்பா போய்ச் சேர்ந்தார். நான் வகுப்பில் இருந்தேன். போன் வந்தபோது கரும்பலகையில் உணவு வலை பாதி வரைந்திருந்தது. மீதியைப் பிள்ளைகளையே வரையச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டவுனில் எரித்தோம். சாம்பலை ஒரு சின்ன மண் சட்டியில் வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு மனிதர் அவ்வளவுதானா என்று இருந்தது. தம்பி அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் மேலே ஏறினோம். பெண்பிள்ளை போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சுடுகாடு என்று யாராவது நினைத்தால்தானே சொல்வதற்கு.

பாறைக்குக் கீழே வந்து நின்றோம். மழைக்கு முந்திய மூட்டம். எந்த மரம் என்று தம்பி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே துணியை அவிழ்த்தான்.

“ஒண்ணு விடாம எல்லாத்துலயும் போட்டுருவோங்க்கா. எதுலயாச்சும் அம்மா இருப்பாங்கல்ல.”

மேல் ஓரத்திலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு மரத்தடியிலும் சருகை விலக்கி, மண்ணைக் கையால் கொஞ்சம் கீறி, ஒரு பிடி போட்டு மூடினோம். நான் கீறினேன், அவன் போட்டான். ஒவ்வொரு தடவையும் அவன் மெதுவாக “அம்மா, அப்பா வந்திருக்காரு” என்று சொன்னான். முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு நானும் கூடவே சொன்னேன். சரிவின் நடுவுக்கு வந்தபோது பிடி என்பது சிட்டிகை ஆகியிருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் அவன் சட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டினான். உள்ளங்கையில் விழுந்ததை இரண்டாகப் பிரித்து இரண்டு மரத்துக்குப் போட்டான்.

குடிக்கக் கொண்டு வந்த தண்ணீர்ப் போத்தலை என்னிடம் கேட்டான். சட்டிக்குள் கொஞ்சம் ஊற்றி, விரலால் சுற்றிக் கழுவி, அடுத்த மரத்தடியில் ஊற்றினான். தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது. மறுபடி ஊற்றிக் கழுவினான், கலங்கலாக வந்தது. மறுபடி கழுவினான். தண்ணீர் தெளிவாக வந்தது.

சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். நானும் பார்த்தேன். கீழே இன்னும் மரங்கள் இருந்தன.